மைமூன் சொன்ன நேரம்

மைமூனுக்குப் பொய் சொல்ல வராது. இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. அவளோடு இருபது வருஷமாகப் பழகி நொந்துபோனவள் என்ற முறையில் சொல்கிறேன். புதுப் புடவை கட்டிக்கொண்டு போய் அவள் முன்னால் நின்றால், "உனக்கு இந்த நிறம் எடுக்கல ஹம்னா" என்பாள். கல்யாண வீட்டில் பிரியாணி எப்படி என்று கேட்டால் நாமெல்லாம் "அருமை" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போவோம். அவள் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிவிட்டு, தட்டில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடிப்பாள். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. கேட்டால் உள்ளதைச் சொல்வாள். கேட்காவிட்டால் வாயையே திறக்கமாட்டாள்.

செம்பவாங்கில் பிறந்தவள். அவளுடைய வாப்பா கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தார். இவள் படித்து முடித்து ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சேர்ந்தாள். வரிசையாக வரும் சர்க்யூட் போர்டுகளைச் சோதித்து, கெட்டதைத் தனியாக எடுத்துவைக்கும் வேலை. தொழிற்சாலை எல்லை தாண்டி ஜொகூருக்குப் போய்விட்ட பிறகு, கட்டடங்களில் மாட்டும் மின்னணு அறிவிப்புப் பலகைகளைப் பராமரிக்கும் ஒரு சின்ன நிறுவனத்துக்கு மாறினாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். கணவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் தமன்னா கல்யாணமாகிப் பெர்த்தில் இருக்கிறாள். வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல், வேலை விட்டால் நேராகச் சங்கத்துக்கு வந்துவிடுவாள்.

சங்கம் என்றால், ஊரைவிட்டு இங்கே வந்து குடியேறிய எங்கள் ஊர்க்காரர்களின் சங்கம். ஜாலான் புசார் பக்கம் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் கூடம். கீழே ஓர் இரும்புச் சாமான் கடையும் ஆரிஃப் என்ற பையனின் கைப்பேசிக் கடையும். ஏர்கான் போட்டபோது கூடத்து ஜன்னல்களைப் பலகை அடித்து மூடிவிட்டார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தால் வெளியே வெயிலா இருட்டா என்று தெரியாது. ரமலான் மாதம் முழுவதும் அங்கே நோன்புக் கஞ்சி காய்ச்சுவோம். சங்கத்து ஆட்கள் மட்டுமில்லை, ஊரிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள், அந்தப் பக்கம் போகிறவர்கள், யார் மாடி ஏறி வந்தாலும் ஒரு கிண்ணம் கஞ்சியும் பேரீச்சம்பழமும் உண்டு. கஞ்சிப் பானை மற்றவர்கள் பொறுப்பு. வடை என் பொறுப்பு.

கூடத்தின் முன்சுவரில் தொழுகை நேரம் காட்டும் மின்பலகை மாட்டியிருக்கிறது. பெரிய சிவப்பு எண்களில் இப்போதைய மணி, அதற்குக் கீழே ஐந்து வேளைத் தொழுகை நேரங்கள். மஃரிபு ஆனதும், அதாவது சூரியன் மறைந்து நோன்பு திறக்கும் நேரம் வந்ததும், அது நீளமாக ஓர் ஒலி எழுப்பும். கூடத்தில் இருக்கும் அத்தனை கைகளும் பேரீச்சம்பழத்துக்குப் போகும். அதை வாங்கலாம் என்று சொன்னது, மாட்டியது, பார்த்துக்கொள்வது எல்லாம் மைமூன்தான். ஒரு பெண் ஏணி போட்டு ஆண்கள் பக்கத்துச் சுவரில் ஏறுவதா என்று இரண்டொருவர் முகம் சுளித்தார்கள். சங்கச் செயலாளர் முகம்மது யூசுப், நாங்கள் அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடுகிறவர், "அப்ப நீங்க ஏறுங்க" என்று ஒரே வார்த்தையில் அவர்கள் வாயை அடைத்தார். பலகை வந்தபிறகு, அதுவரை நாங்கள் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டுக்கொண்டிருந்த ரேடியோவை அலமாரிக்குள் வைத்துவிட்டோம்.

அந்தப் பலகை எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். மைமூன் எனக்கு விளக்கிய மாதிரியே சொல்கிறேன். அலுவலக அறையில் ஒரு கணினி இருக்கிறது. அது இணையத்திலிருந்து சரியான நேரத்தை எடுத்து, ஒரு கம்பி வழியாகப் பலகைக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். பலகையின் முதுகுக்குள் உள்ளங்கை அளவுக்கு ஒரு சர்க்யூட் போர்டு உண்டு. கணினி சொல்வதை வாங்கி எண்களாகக் காட்டுவது அதன் வேலை. கணினியில் ஒரு மென்பொருள், போர்டில் ஒரு மென்பொருள். இரண்டும் பொருந்தினால்தான் ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியும். ஒன்றைப் புதுப்பித்தால் கையோடு மற்றதையும் புதுப்பித்துவிட வேண்டும்.

அந்த ரமலானில் கணினி நச்சரிக்கத் தொடங்கியது. பழைய பதிப்பு இன்ன தேதிக்குப் பிறகு வேலை செய்யாது, புதுப்பித்துக்கொள் என்று நாளுக்கு நாலு தடவை திரையில் கட்டம் வந்து நின்றது. அந்தத் தேதி பெருநாளுக்கு முன்பே வந்துவிடும். நோன்புக்கு நடுவில் பலகை நின்றுபோனால் என்ன செய்வது என்று பயந்து, ஒரு வெள்ளிக்கிழமை மைமூன் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். கணினியில் இருந்ததைப் புதுப்பித்து முடித்தாள். அடுத்து போர்டு. பலகை சற்று நேரம் அணைந்திருக்கும், மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள், தொடரலாமா என்று திரை கேட்டது. தொடரலாம் என்று அழுத்தப் போன சமயத்தில் யூசுப் காக்கா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மைமூன், பலகைய இப்ப அணைச்சிடாதம்மா. அசர் தொழுகைக்கு ஆளுங்க வந்துட்டாங்க. நோன்பு நாள்ல அது இருட்டா கெடந்தா ஆளாளுக்குக் கேள்வி கேப்பாங்க. நாளைக்குச் செஞ்சுக்கலாம் லா."

"ரெண்டையும் சேத்துச் செய்யணும் காக்கா. ஒண்ண மட்டும் அப்டேட் பண்ணா சரியா வராது."

"மணி ஓடிக்கிட்டுத்தானே இருக்கு? பாரு, நல்லாத்தானே காட்டுது."

நன்றாகத்தான் காட்டியது. அவருடைய தவிப்பும் பொய்யில்லை. நோன்பு மாதத்தில் அந்தக் கூடத்துக்குள் நுழைகிற யாரும் முதலில் அண்ணாந்து பார்ப்பது அந்தப் பலகையைத்தான். சலாம் சொல்வதுகூட அதற்குப் பிறகுதான். மைமூன் 'பிறகு' என்பதை அழுத்தினாள். கணினியை மட்டும் ஒருமுறை அணைத்துப் போட்டாள். எழுந்துவந்த கணினி புதிய பதிப்பில் பேச ஆரம்பித்தது. அது பழைய போர்டுக்குப் புரியவில்லை. புரியாமல் போனதும் போர்டு தானாக ஒருதரம் அணைந்து எழுந்து, தனக்குள் சின்ன பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த சொந்தக் கடிகாரத்தின் மணியை எடுத்துக் காட்டத் தொடங்கியது. மாட்டிய நாள் முதல் யாரும் திருத்தாத கடிகாரம் அது. நாலு நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது.

மைமூன் அறையைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்து பார்த்தபோது எண்கள் பளிச்சென்று எரிந்தன, ஒழுங்காக நகர்ந்தன. நாலு நிமிடத்தை எந்தக் கண் கண்டுபிடிக்கும்? கையில் போன் இல்லாதவர் யார் என்று நீங்கள் கேட்கலாம். நோன்பு திறக்கும் நேரத்திலும் போனா என்று திட்டித் திட்டி எல்லோரையும் பைக்குள் வைக்கப் பழக்கியிருந்தோம். அப்படியே ஒருவர் பார்த்திருந்தாலும் தன் போனைத்தான் சந்தேகப்பட்டிருப்பார். சுவரில் இருப்பது மைமூன் வைத்த மணி.

அன்று மாலை அப்துல் மஜீது மாமா வந்தார். அவர் இப்போது இல்லை. அவருடைய மகள் ரபியாவிடம் கேட்டு, எழுதுங்கள் என்று அவள் சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். மாமா மைமூனின் வாப்பாவோடு செம்பவாங் பட்டறையில் வேலை பார்த்தவர். கடுமையான சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி. நோன்பு வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லி மூன்று நான்கு ரமலான் ஆகிவிட்டது. உங்களுக்குக் கடமை இல்லை, ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்று இமாமும் சொல்லிவிட்டார். மாமாவுக்கு அது போதவில்லை. அந்த வருஷம் டாக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஊசியின் அளவைக் குறைத்து, ஒரே ஒரு நாளுக்கு அனுமதி வாங்கினார். அந்த ஒரு நாளாக அவர் தேர்ந்தெடுத்தது அந்த வெள்ளிக்கிழமை.

நாலு பையன்கள் அவரைச் சக்கர நாற்காலியோடு மாடிக்குத் தூக்கி வந்தார்கள். பெண்கள் பக்கத்தைப் பிரிக்கும் தடுப்புத் துணியின் இடுக்கு வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை, தொப்பி, முன்னால் ஒரு பேரீச்சம்பழம். பலகை ஒலித்ததும் எல்லோரும் அவரைத்தான் பார்த்தோம். அவர் நோன்பு திறக்கும் பிரார்த்தனையான துஆவை மெதுவாக ஓதி, பழத்தை வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. அன்றைக்கு நான் அதிசயமாக யாரையும் அதட்டவில்லை.

ஆரிஃப் கடையை விட்டு வரமுடியாது என்பதால் தினமும் யாராவது அவனுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்போம். அன்று மைமூன் போனாள். வாயில் பேரீச்சம்பழக் கொட்டையை ஒதுக்கிக்கொண்டே படி இறங்கியிருக்கிறாள். ஆரிஃப் மேசைக்குப் பின்னால், கையில் பழத்தோடு காத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அவளை அக்கா முறை வைத்து லாத்தா என்றுதான் கூப்பிடுவான்.

"என்ன லாத்தா, அதுக்குள்ள கொண்டாந்துட்டீங்க? இன்னும் பாங்கு சொல்லலியே."

அவள் பதில் சொல்லும் முன்பே ரேடியோவில் பாங்கு தொடங்கியது. ஆரிஃப் பிஸ்மில்லா சொல்லிப் பழத்தைக் கடித்தான். மைமூன் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கொட்டை வாயிலேயே இருந்தது. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து அவனுக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

"நாலு நிமிஷந்தானே லாத்தா. விடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே ஆரிஃப்" என்றாளாம்.

தொழுகை முடியும்வரை காத்திருந்து யூசுப் காக்காவையும் இமாமையும் அலுவலக அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். நானும் கதவோரம் நின்றேன். காக்காவின் முகம் வெளுத்துவிட்டது. தொழுகைக்குப் பழுதில்லை, எழுந்து நிற்பதற்குள் நேரம் வந்துவிட்டது என்றார் இமாம். தெரியாமல் சாப்பிட்டதால் யாருக்கும் பாவமில்லை. ஆனால் சூரியன் மறையும் முன்பே திறந்த நோன்பு நோன்பாகாது. ரமலான் முடிந்தபிறகு அந்த ஒரு நோன்பை எல்லோரும் திரும்ப வைக்க வேண்டும்.

"அப்ப சொல்லித்தான் ஆகணுமா?" என்றார் காக்கா. "சங்கத்து மானம் போயிடுமே. நான்தான் அணைக்காதேன்னு சொன்னேன், அதையும் சேத்துச் சொல்லணும்."

"அத நீங்க சொல்லுங்க காக்கா, சொல்லாம இருங்க. என் வேலைய நான் சொல்லிடுறேன்" என்றாள் மைமூன்.

மறுநாள் காலையில் கூடம் காலியாக இருந்தபோது அவள் வந்தாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு வந்தாள். ஏணியில் ஏறிப் பலகையின் முதுகைத் திறந்து, தூசியைத் துடைத்து, மடிக்கணினியிலிருந்து ஒரு கம்பியைப் போர்டில் செருகினாள். பலகை இருண்டது. திரையில் ஒரு கோடு எறும்பு ஊர்கிற வேகத்தில் நிறைந்தது. அது நிறையும்வரை மின்சாரம் போகக் கூடாது, கம்பி அசையக் கூடாது, பாதியில் நின்றால் போர்டு செத்துவிடும் என்றாள். நான் சுவிட்சுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன், யாரோ வந்து அணைத்துவிடப் போகிறார்கள் என்பதுபோல. கோடு நிறைந்தது. பலகை ஒருமுறை முழுதாக எரிந்து அணைந்து, மறுபடி எண்களைக் காட்டியது. அவள் இறங்கவில்லை. உள்ளே இருந்த சொந்தக் கடிகாரத்தையும் திருத்தினாள். கணினிக் கம்பியைப் பிடுங்கிப் பார்த்தாள், திரும்பச் செருகிப் பார்த்தாள், ரேடியோவை அலமாரியிலிருந்து எடுக்கச் சொல்லி அதோடு ஒத்துப் பார்த்தாள்.

"நேத்து இத ஒரு தடவ செஞ்சிருந்தா போதும்" என்றாள். பிறகு ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து அழுதாள். நான் அவளுக்கு ஆறுதல் சொல்லவில்லை. எனக்கே ஆத்திரமாக இருந்தது. வடை மாவு அரைத்து, அடுப்பில் வெந்து, ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவள் நானும்தானே.

அன்று மாலை தடுப்புத் துணிக்கு இந்தப் பக்கம் நின்று ஒலிபெருக்கியில் சொன்னாள். கணினியைப் புதுப்பித்ததையும், போர்டைப் புதுப்பிக்காமல் விட்டதையும், மணி முந்தியதையும் நாலே வாக்கியத்தில் சொல்லி, மன்னிப்புக் கேட்டாள். காக்காவின் பெயரை எடுக்கவில்லை. அவள் முடித்ததும் காக்காவே எழுந்து, நான்தான் அவளைத் தடுத்தேன் என்றார். அந்த மனுஷன்மேல் எனக்கு அதற்குமுன் அவ்வளவு மரியாதை கிடையாது. கூடத்தில் ஒரே முணுமுணுப்பு. சிலர் பரவாயில்லை என்றார்கள். ஒருவர், பொம்பளை கையில் கொடுத்தால் இப்படித்தான் என்றார். நான் துணியை விலக்கி அவரை ஒரு பார்வை பார்த்தேன். அன்று முதல் ரேடியோவும் பலகைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டது.

ஊரிலிருந்து வேலைக்கு வந்த பையன்களில் அந்த வெள்ளிக்கிழமை மட்டும் வந்துபோனவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று மைமூன் கவலைப்பட்டாள். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் அவர்கள் கூடுகிற இடங்களில் போய் நின்று, முகம் தெரிந்தவர்களைப் பிடித்து ஒவ்வொருவரிடமும் சொன்னாள். பாதிப் பேர் சிரித்தார்கள். நல்லவேளை சொன்னீங்கக்கா என்றான் ஒருவன். எல்லோரையும் பிடித்துவிட்டாளா என்றால் இல்லை. அது அவளுக்கு இன்றுவரை உறுத்துகிறது.

மிச்சம் இருந்தது அப்துல் மஜீது மாமா.

அவரிடம் சொல்லாதே என்று நாங்கள் அத்தனை பேரும் சொன்னோம். இமாமே சொன்னார். "அவருக்கு நோன்பே கடமையில்லம்மா. திரும்ப வைக்கவும் முடியாது. அவருகிட்ட சொல்லணும்னு உங்களுக்கு ஒரு கட்டாயமும் இல்ல." நான் அவளோடு சண்டையே போட்டேன். ஒரு கிழவர் ஒரு வருஷத்துக்கு ஒரே ஒரு நோன்பு வைத்து, அதை நினைத்துச் சந்தோஷமாகப் படுத்திருக்கிறார். அதைப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வரவேண்டுமா? உனக்கு மனசாட்சி சுத்தமாக வேண்டும் என்பதற்காக அவர் வயிற்றில் அடிப்பாயா?

"ஊருக்கே சொல்லியாச்சு ஹம்னா. எல்லாருக்கும் தெரிஞ்சது அவருக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு நான் எப்படி முடிவு பண்றது? நாளைக்கு வேற யாராச்சும் வாய்தவறிச் சொன்னா? அப்ப என்னப் பத்தி என்ன நெனப்பாரு?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் அவள் செய்தது தப்பு என்றுதான் அன்று நினைத்தேன். இன்றைக்கும் எனக்கு முழுச் சமாதானம் வரவில்லை.

கேலாங் ஈஸ்டில் மாமாவின் வீடு. போய்ச் சொன்னாள். அவர் கட்டிலில் சாய்ந்தபடி முழுவதையும் கேட்டார். முடித்ததும், "எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் மைமூன் ஒரு தூக்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு, அலுவலகத்தில் நேரத்தை மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டு, அவர் வீட்டுக்குப் போனாள். அவர் கஞ்சியைக் குடித்தார். அவளோடு பேசவில்லை. அவள் சலாம் சொன்னால் பதில் சலாம் மட்டும் வரும்.

பெருநாளுக்கு மூன்று நாலு நாள் இருந்தபோது நானும் அவளோடு போனேன். தூக்கு கனம் என்று கூப்பிட்டாள். நல்ல மழை. அடித்து ஊற்றியதில் டாக்சியிலிருந்து அவருடைய அடுக்குமாடி புளோக்குக்கு ஓடுவதற்குள் நனைந்துவிட்டோம். ரபியா கதவைத் திறந்தபோதே அவள் முகம் சரியில்லை.

"வாங்க லாத்தா, சீக்கிரம் வாங்க. வாப்பா எனக்குத் தெரியாம நோன்பு வெச்சிருக்காரு. காலைல ஊசிய எப்பவும் போல போட்டேன், குறைக்கவே இல்ல. சாப்பிட்டேன்னு சொன்னாரு. இட்லி அப்படியே பைக்குள்ள சுத்தி வெச்சிருக்காரு. இப்ப உடம்பெல்லாம் நடுங்குது. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன். அதுவரைக்கும் இனிப்பா ஏதாச்சும் குடிக்கச் சொல்றாங்க. வாயத் தொறக்கமாட்டேங்கிறாரு."

அறையில் திரைச்சீலை மூடியிருந்தது. மழை இருட்டு வேறு. மாமாவின் நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை ஓடியது. கை நடுங்கியது. கண் பாதி மூடியிருந்தது. ரபியா ரோஸ் சிரப் கரைத்த தம்ளரை அவர் உதட்டருகே கொண்டுபோனாள்.

"வாப்பா, நேரமாயிடுச்சு வாப்பா. தொறந்துக்குங்க."

அவர் தலையை ஆட்டினார். நாக்கு குழறியது. "நீ பொய் சொல்றே. ஊசி போடுறதுக்கும் பொய் சொல்லுவே. எனக்குத் தெரியும்." பல்லைக் கடித்துக்கொண்டு வாயை இறுக மூடிக்கொண்டார்.

ரபியா அழ ஆரம்பித்தாள். "நடுக்கம் ஆரம்பிச்சதுலேருந்து இதையேதான் சொல்றாரு. அந்தப் புள்ள சொன்னாத்தான் நம்புவேங்கிறாரு. பொய் சொல்றவளா இருந்தா எங்கிட்ட வந்து சொல்லியிருக்கமாட்டான்னு."

மைமூன் சலாம் சொல்லிவிட்டு அறை வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவர் அவளுடைய சலாத்தைக் கேட்டிருக்க வேண்டும். கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"மைமூனா?"

"ஆமா மாமா."

"நீ சொல்லு. நேரமாச்சா?"

கட்டிலுக்கு மேலே சுவரில் கடிகாரம் இருந்தது. பிற்பகல் தொழுகையான அசருக்கே இன்னும் நேரம் இருந்தது. சூரியன் மறையப் பல மணி நேரம் கிடக்கிறது. நான் மைமூனைப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது. இவளுக்கு இது வராதே, வாயைத் திறந்து உண்மையைச் சொல்லித் தொலைக்கப் போகிறாளே என்று. நோயாளிக்குச் சலுகை உண்டு மாமா, பாதியில் விட்டாலும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வான் என்று அவரிடம் எடுத்துச் சொல்ல நேரமில்லை. கேட்டுப் புரிந்துகொள்ளும் நிலையில் அவரும் இல்லை.

மைமூன் உள்ளே வந்தாள். ரபியாவின் கையிலிருந்த தம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"ஆச்சு மாமா" என்றாள். "இப்பத்தான் பாங்கு சொன்னாங்க."

"சரியாப் பாத்தியா?"

"பாத்தேன் மாமா. ரேடியோவையும் கேட்டுட்டுத்தான் வந்தேன். சரியான நேரம்."

அவர் முகம் தளர்ந்தது. உதடு அசைந்து நோன்பு திறக்கும் துஆவை ஓதினார். பாதியில் வார்த்தை மறந்துபோய் நின்றபோது, மைமூன் மெல்லிய குரலில் அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு ஓதி முடித்தார். தம்ளரை அவள் சாய்த்தாள். ஒரு வாய், இன்னொரு வாய், பிறகு மளமளவென்று குடித்தார். அல்ஹம்துலில்லாஹ் என்றார். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து கதவைத் தட்டியபோது அவருக்கு நடுக்கம் குறைந்திருந்தது. குடித்திருக்காவிட்டால் நிலைமை வேறாகியிருக்கும் என்று அவர்களில் ஒருவர் ரபியாவிடம் சொன்னார்.

அவரைக் கொண்டுபோனபிறகு, லிஃப்ட் பக்கத்தில் மைமூன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ரேடியோ கேட்டேன்னு வேற சொன்னேன் ஹம்னா. அவரு கேக்கவே இல்ல. நானா சேத்துச் சொன்னேன்" என்றாள். நீ ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறாய் என்றேன். அடுத்த நாள் இமாமிடம் கேட்டாள். உயிர் போகிற இடத்தில் அது குற்றமில்லை என்றார். குற்றமில்லை என்பது எனக்கும் தெரியும் என்று திரும்பி வரும் வழியில் என்னிடம் சொன்னாள். அவர் என்னைத்தானே நம்பினார் என்றாள்.

மாமா பெருநாளுக்கு வீட்டுக்கு வந்துவிட்டார். ரபியா அவரிடம் எதையும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. பேசி வைத்துக்கொண்டு செய்ததில்லை, யாருக்கும் வாய் வரவில்லை.

பெருநாள் அன்று மத்தியானம் யூசுப் காக்கா, நான், மைமூன், இன்னும் சில சங்கத்துக்காரர்கள் அவரைப் பார்க்கப் போனோம். புதுச் சட்டை போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மைமூனைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வாம்மா, வா. ஒம்மேல கோவமா இருந்தேன், மன்னிச்சுக்க" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, எல்லோரும் துஆவுக்குக் கையேந்தச் சொன்னார். நாங்கள் கையேந்தினோம்.

"யா அல்லாஹ்" என்று தொடங்கினார். குரல் தெளிவாக இருந்தது. "இந்த வருஷம் எனக்கு ஒரு நோன்பக் குடுத்தே. கடைசி வாய்ப்புன்னு நெனச்சது போச்சுன்னு அழுதேன். நீ திரும்பக் குடுத்தே. அதச் சரியான நேரத்துல தொறந்து வைக்க இந்தப் புள்ளைய அனுப்பி வெச்சே. இவளோட நாக்கப் பொய்யிலேருந்து எப்பவும் காப்பாத்து ரப்பே."

எல்லோரும் ஆமீன் என்றார்கள். ரபியா தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தாள். நானும் சொன்னேன். மைமூனின் ஏந்திய கைகள் அசையாமல் இருந்தன. மாமா அவள் பக்கம் திரும்பிக் காத்திருந்தார். அவள் ஆமீன் என்றாள், அவருக்குக் கேட்கும்படி.